குறைமாதக் குழந்தைக்கு இரண்டாவது தைராய்டு டெஸ்ட்: தேதியை எழுதிக் கொடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும் பச்சிளம் குழந்தைப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைக்குத் தேதி இருந்தது, காது கேட்கிறதா என்று பார்க்கத் தேதி இருந்தது, தடுப்பூசிக்கும் இருந்தது. தைராய்டுக்கு நேரே மட்டும் 'நார்மல்' என்று போட்டு முடித்திருந்தார்கள்.

என் மகள் 29 வாரத்தில் பிறந்தவள். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி, வட்டம் போட்ட தாளில் ரத்தச் சொட்டை ஊறவைத்து எடுத்துப் போனார்கள், டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் இது ஏறும்) சரியாக இருந்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பிறகு கண் பார்க்கப் போன இடத்தில் ஒரு டாக்டர், "தைராய்டு ரெண்டாவது தடவை பார்த்தாச்சா?" என்று போகிற போக்கில் கேட்டதால்தான் மறுபடி ரத்தம் எடுத்தோம். ஏறியிருந்தது.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த அரை மணி நேரத்தில் டிஎஸ்ஹெச் சரசரவென்று ஏறி, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கோ, தைராய்டை முடுக்கிவிட வேண்டிய மூளைப் பகுதியே முழுசாகத் தயாராகியிருக்காது. அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த தைராய்டு ஹார்மோனும் சட்டென்று நின்றுபோகிறது. அதனால் சுரப்பி தடுமாறினாலும் டிஎஸ்ஹெச் உடனே காட்டிக் கொடுக்காது, சில வாரம் கழித்துத்தான் ஏறும். ரத்த அழுத்தத்தைத் தூக்கக் கொடுக்கிற டோபமைன், ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இன்னும் அமுங்கிக் கிடக்கும். போதாததற்கு, தோலைத் துடைக்கிற அயோடின் மருந்து அந்த மெல்லிய தோல் வழியாக உள்ளே போய்ச் சுரப்பியை மந்தமாக்கலாம். முதல் டெஸ்ட் சரியாக இருந்தாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வீட்டிலேயே பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், எப்படி? தூங்கிக்கொண்டே இருக்கும், பால் குடிக்கச் சோம்பும், மலம் சரியாகப் போகாது, காமாலை இழுத்துக்கொண்டே போகும், குறைமாதம் என்றாலே இதெல்லாம் இருக்கும்தானே. என் மாமியார் "அழவே அழாது, சமர்த்து" என்று தினமும் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் இரண்டு மூன்று வருஷத்தில் மூளைக்குத் தைராய்டு ஹார்மோன் கிடைக்காமல் போனால், அப்புறம் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனதை முழுசாக மீட்க முடியாது.

எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. டிஎஸ்ஹெச் ஏறாமல் டி4 (சுரப்பி சுரக்கிற தைராக்ஸின்) மட்டும் குறைந்திருப்பது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுகிறது. 30 வாரத்துக்கு முன் பிறந்த 200 குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தைராக்ஸின் கொடுத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. இரண்டு வயதில் பார்த்தபோது மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்கு மருந்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஆனால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து கொடுக்கும் விதத்தையும் சொல்லித் தாருங்கள். மாத்திரையைக் கரண்டியில் நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைத்துச் சங்கில் ஊற்றுகிறோம், சரி. ஆனால் இரும்புச்சத்துச் சொட்டும் கால்சியமும் அதே சீட்டில் இருக்கின்றன. அவை தைராக்ஸினை உடம்பில் சேரவிடாது, சில மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை எங்களுக்கு மருந்துக் கடைக்காரர்தான் சொன்னார்!

கண் பரிசோதனை எப்படியும் பிறந்த 30 நாளுக்குள் நடந்தாக வேண்டும். அன்றைக்கே ரத்தமும் எடுத்துவிட்டால் வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் கைக்குழந்தையோடு இரண்டு தடவை பஸ் ஏற வேண்டாம். நடவு நேரமென்றால் கூட வர ஆள்கூடக் கிடைக்காது. பிக்மி எண்ணுக்கு (கர்ப்பப் பதிவு எண்) பக்கத்தில் இந்தத் தேதியும் கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் ஏறட்டும். வராதவர்களை வீட்டுக்கே வந்து நாலு வார்த்தை திட்டி அனுப்புவார், தடுப்பூசிக்கு அப்படித்தானே நடக்கிறது. அப்புறம், ரிசல்ட்டில் டிஎஸ்ஹெச் ஏறியிருந்தால் அடுத்த விசிட் வரை வைத்திருக்காமல் அன்றே போன் போட்டுக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடியிலிருந்து ஒரு தாய்