இன்லே நல்லாதான் இருக்கு, அது என்ன மரம்னு எழுதுங்களேன்: கைவினை கண்காட்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சி கமிட்டிக்காரங்களுக்கும், அதுல மர இன்லே, மார்க்கெட்ரின்னு (மரத்துண்டுகளை பதிச்சும் ஒட்டியும் படம் பண்ற வேலை) ஸ்டால் போடுற, போட்டிக்கு பீஸ் அனுப்புற நம்ம ஆளுங்களுக்கும், வணக்கம்.

நான் தொழில்காரன் இல்லீங்க, கணக்கு எழுதுற வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும் மொட்டை மாடில உக்காந்து வெனீர் (தாள் மாதிரி மெல்லிசா சீவின மரம்) வெட்டுறவன். சின்ன வயசுல லீவுக்கு மைசூர்ல அத்தை வீட்டுக்கு போவோம், அந்த தெருவுல ஒரு இன்லே பட்டறை இருந்துச்சு, ஃப்ரெட் சான்னு மெல்லிசு கை ரம்பம் வச்சு ஒருத்தர் நகத்தளவு யானைக் காது வெட்டிட்டு இருப்பாரு, அதை பாத்து பிடிச்ச பைத்தியம் இது. அதனால இதை கோவமா எடுத்துக்காதீங்க, நம்ம வீட்டுக்குள்ள பேசிக்கிற மாதிரி எடுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். சமீபத்துல ஒரு கண்காட்சிக்கு போயிருந்தேன், சுவர் ஃபுல்லா மரத்துலயே பண்ணின படங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு அட்டை, அதுல பேரு, விலை, சைஸ். அவ்ளோதான். என்ன மரம், இயற்கை கலரா சாயமா, கைல வெட்டினதா லேசர்ல வெட்டினதா, ஒரு வரி கிடையாது. ஆயில் பெயின்டிங்குக்கு கூட "கான்வாஸ்ல எண்ணெய் வண்ணம்"னு எழுதுறாங்க. மரம்தான் வண்ணமேன்னு இருக்குற கலைக்கு மரத்து பேரை எழுதாம விட்டா எப்படிங்க?

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடுறேன். கெட்டி மரத்துல பள்ளம் தோண்டி வேற மரத்தை உக்கார வச்சா அது இன்லே, மைசூர்ல ஈட்டி (ரோஸ்வுட்) மரத்துல பண்றது அது, 2005-06-ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் வெனீர் துண்டுகளை ஜிக்சா மாதிரி பக்கத்துல பக்கத்துல சேத்து மொத்தமா ஒரு பலகை மேல ஒட்டினா அது மார்க்கெட்ரி. ரெண்டுலயும் கலர் பெரும்பாலும் மரத்துலேருந்துதான் வரும். பலா மஞ்சள் குடுக்கும், கருங்காலி கருப்பு, அந்தமான் படாக் செவப்பு, ஈட்டி அந்த ஊதா கலந்த பழுப்பு. அதே துண்டை ரேகை திருப்பி வச்சா வெளிச்சம் வேற மாதிரி படும், ஒரே மரத்துல ரெண்டு கலர் கிடைக்கும். நிழல் வேணும்னா வாணலில மணலை சூடு பண்ணி துண்டோட ஓரத்தை அதுல சொருகி லேசா கருக வைப்போம். (எங்க வீட்ல இதுக்குன்னே ஒரு பழைய இரும்பு வாணலி இருக்கு, அதுல இனிமே யாரும் சமைக்க மாட்டாங்க.)

சரி, பேரு தெரிஞ்சு வாங்குறவங்களுக்கு என்ன லாபம்னு கேப்பீங்க. மரம் நிறம் மாறும்ங்க, அதுதான். ஆறு வருஷம் முன்னாடி நான் ஒரு மரங்கொத்தி பண்ணினேன், கொண்டைக்கு படாக் போட்டேன், ரத்தச் செவப்பா ஜொலிச்சுது, மச்சான் வீட்டுக்கு கிரகப்பிரவேசத்துக்கு குடுத்தேன், அவர் அதை மேக்கு ஜன்னலுக்கு நேரா மாட்டிட்டாரு. இப்ப போய் பாத்தா கொண்டை பழுப்பு, பின்னாடி இருக்குற மரக்கிளையும் பழுப்பு, பறவை எது மரம் எதுன்னே தெரியல. தப்பு அவர் மேல இல்ல, வெயில் படுற இடத்துல மாட்டாதீங்கன்னு பின்னாடி ஒரு சீட்டு ஒட்டாத நான்தான். படாக் அப்படித்தான், பர்ப்பிள்ஹார்ட்னு ஊதா மரம் ஒண்ணு வருதே அதுவும் அப்படித்தான், நாளாக நாளாக பழுப்புக்கு போயிடும். வால்நட் வெளுக்கும், செர்ரி கருக்கும், பலா மஞ்சள் ஆழமாகிட்டே போகும். பேரை எழுதிட்டா விஷயம் தெரிஞ்சவன் எங்க மாட்டணும்னு முடிவு பண்ணிப்பான், தெரியாதவன் கேட்டாவது தெரிஞ்சுப்பான்.

சாயம் போட்ட வெனீர் கதை இதைவிட மோசம். ஒரு ஸ்டால்ல, பேரு வேண்டாம், மயில் ஒண்ணு வாங்கினேன், கழுத்து நல்ல நீலம். அண்ணே இது சாயமான்னு கேட்டேன், "எல்லாமே ஒரிஜினல் மரம் சார், கலர் போகவே போகாது"ன்னாரு. மரம் ஒரிஜினல்தான், நீலம் ஒரிஜினல் இல்ல. ரெண்டே வருஷத்துல கழுத்து சாம்பலாயிடுச்சு. எனக்கு சாயத்து மேல விரோதம் இல்லீங்க, பிரான்ஸ்ல ராஜா வீட்டு ஃபர்னிச்சர்லயே சாயம் போட்டிருக்காங்க. பதினஞ்சாம் லூயி ராஜாவுக்கு ஓபென்ங்கற மேஜைத் தச்சர் 1760-ல ஆரம்பிச்சு ரீசனர்ங்கற இன்னொரு தச்சர் 1769-ல முடிச்ச அந்த பெரிய மேஜை இன்னும் வெர்சாய் அரண்மனைல இருக்கு. அந்த காலத்து மார்க்கெட்ரி பூக்கள்லாம் இப்ப தேன் கலர்ல சாந்தமா தெரியுது, ஆனா பண்ணின புதுசுல பச்சை, நீலம், செவப்புன்னு கண்ணை பறிச்சிருக்கும். அந்த மாதிரி பழசுல ஒரு துண்டை கழட்டி பின்பக்கம் பாத்தா பழைய கலர் அப்படியே இருக்கும். அவங்களுக்கே மங்கிருச்சு, நம்ம மயில் எம்மாத்திரம். சாயம்னா சாயம்னு எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரி நிழல்ல மாட்டிக்கறோம்.

இயற்கைலயே பச்சை வேணும்னா வழி இருக்குங்கறதை சொல்லாம போக முடியல. க்ளோரோசிபோரியான்னு ஒரு காளான், காட்டுல விழுந்து கெடக்குற கட்டைல வளரும், மரத்தையே மயில்துத்தம் மாதிரி நீலப்பச்சையா மாத்திடும். இத்தாலிக்காரங்க 500 வருஷம் முன்னாடி இன்டார்சியா (அவங்க ஊர் மர இன்லே) படங்கள்ல இலைக்கும் மலைக்கும் அந்த கட்டையை தேடிப் புடிச்சு போட்டிருக்காங்க, அது இன்னும் பச்சையாவே நிக்குது. இத்தாலில குபியோங்கற ஊர் அரண்மனைல ஒரு பிரபு தன் படிக்கிற ரூமுக்கு பண்ணி வச்ச சுவர் முழுக்க இந்த வேலைதான், திறந்து கெடக்குற அலமாரி, உள்ள புஸ்தகம், இசைக்கருவி எல்லாம் தட்டைப் பலகை, கண்ணை ஏமாத்துற வேலை. அதை இப்ப நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல வச்சிருக்காங்க. அங்க அட்டைல வால்நட், பீச், ரோஸ்வுட், ஓக், பழமரங்கள்னு மரத்து பேர் போட்டிருக்கு பாருங்க. 1480 வாக்குல பண்ணினதுக்கே எழுத முடியுது, போன மாசம் பண்ணினதுக்கு எழுத முடியாதா?

அடுத்தது வெட்டு. ஜன்னல் முறைல பண்றவங்க ஒரு ஓட்டையை கத்தில வெட்டி, அதுக்கு அடில வேற வெனீரை நகர்த்தி ரேகை பொருந்துற இடம் பாத்து அதே அளவுக்கு வெட்டி சொருகுவாங்க, பொறுமைசாலிங்க வேலை. டபுள் பெவல்ங்கற முறைல ரெண்டு வெனீரையும் சேத்து வச்சு ரம்பத்தை லேசா சாய்ச்சு வெட்டணும், அந்த சாய்வு சரியா இருந்தா ரம்பம் தின்ன இடைவெளியே தெரியாம துண்டு கார்க் மாதிரி போய் உக்காந்துக்கும், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் கிடைக்கும். அடுக்கி வச்சு வெட்டினா ஒரே வெட்டுல நாலஞ்சு பிரதி, கோட்டுல சின்ன இடுக்கு இருக்கும். லேசர்ல வெட்டினா கோட்டோரம் கருகி ஒரு பழுப்பு பார்டர் நிக்கும், பழகின கண்ணுக்கு ரெண்டு அடி தூரத்துலயே தெரியும். லேசர் தப்புன்னு நான் சொல்லவே இல்ல, டிசைன் பண்றதும் மரம் தேர்ந்தெடுக்கறதும் அப்பவும் மனுஷன்தான். ஆனா மூணு மாசம் கைல வெட்டினவரையும் மூணு மணி நேரம் மெஷின்ல வெட்டினவரையும் ஒரே வரிசைல மாட்டி ஒரே "கைவினை" லேபிள் போட்டு ஒரே ஜட்ஜ்கிட்ட விடுறது நியாயமா சார்? கைவெட்டுக்காரர் விலை ஏன் ஜாஸ்தின்னு பத்து பேர்கிட்ட தொண்டை வத்த விளக்கிட்டு இருக்காரு, பக்கத்து ஸ்டால்ல பாதி விலைக்கு போயிட்டு இருக்கு.

சட்டமும் இருக்குங்க. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா வகை மரம், இன்னும் கடுமையான முதல் பட்டியல்ல இருக்குற பிரேசில் ரோஸ்வுட் தவிர எல்லாமே, 2017 ஜனவரிலேருந்து சைட்டிஸ் (அழிஞ்சு போற மரம், விலங்கு வியாபாரத்தை கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, தமிழ்நாட்லயே ஈட்டிக்குன்னு தனியா 1994-ல ஒரு சட்டம் போட்டாங்க. வாங்கின பீஸை வெளிநாட்ல இருக்குற பிள்ளைக்கு அனுப்பணும்னா என்ன மரம்னு தெரியாம என்னத்த பேப்பர் கேக்கறது. மைசூர் அரண்மனைல தந்தம் பதிச்ச ஈட்டிக் கதவை பாத்து வாய் பொளந்தவன்தான் நானும், ஆனா இன்னிக்கு தந்தம் வித்தா ஜெயில். இப்ப வெள்ளையா பதிக்கறது எலும்பா, பிளாஸ்டிக்கா, வெள்ளை மரமான்னு வாங்குறவனுக்கு தெரிய வேண்டாமா?

இதை நான் நேர்ல சொன்னப்ப ஒரு கமிட்டி பெரியவர் ஒரு பதில் சொன்னாரு, அதுல நியாயம் இருக்கு. "தம்பி, பாதி கைவினைஞருக்கு மர டிப்போல குடுக்குற கட்டையோட பேரே தெரியாது, எழுதச் சொன்னா கூசிப்போய் ஸ்டாலே போட மாட்டாங்க"ன்னாரு. உண்மைதான், டிப்போக்காரருக்கே பல நேரம் தெரியாது. அப்ப தெரிஞ்சதை எழுதட்டும், "டிப்போல வாங்கின மஞ்ச மரம், சாயம் போடல"ன்னு எழுதினா கூட எனக்கு போதும். லத்தீன் பேர் யாரும் கேக்கல. எழுத வராதவங்களுக்கு வாசல்ல ரெண்டு காலேஜ் பசங்களை உக்கார வச்சு கேட்டு எழுதிக் குடுக்கலாம், பேனர் செலவுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

நம்ம ஹாபி ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டில இயற்கை மரம் தனி, சாயம் தனி, லேசர் தனின்னு பிரிக்கச் சொல்லி நீங்களும் கேளுங்க. "பெயின்டிங் மாதிரியே இருக்கே"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்டுடாம, இது பலா, இது கருங்காலின்னு விரல் வச்சு காட்டுங்க.

அடுத்த தடவை கமிட்டி அட்டை அடிச்சாலும் அடிக்கலன்னாலும் என் பீஸ் கூட என் அட்டை வரும். இப்பவே எழுதி வச்சிருக்கேன்: "மீன்கொத்தி. உடம்பு தேக்கு, வயிறு பலா, அலகு கருங்காலி. ரெக்கை நீலம் சாயம் போட்டது, வெயில்ல மாட்டாதீங்க. கத்தில ஜன்னல் முறைல வெட்டினது. இடது கண்ணுகிட்ட ஒரு இடத்துல உப்புத்தாள் ஜாஸ்தி தேச்சு வெனீர் பொத்துப்போச்சு, ஒட்டு போட்டிருக்கேன், உத்துப் பாத்தா தெரியும்."