ரேமின் உச்சவரம்பையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மினி கணினி விளம்பரங்களில் '8 ஜிபி ரேம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்ற வரி தவறாமல் வருகிறது. ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அதை எதுவரை கூட்டலாம் என்பதைத்தான் யாரும் போடுவதில்லை. மினி பெட்டிக்குள் போவது லேப்டாப் ரேம். அதைச் செருகப் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் (செருகுமிடம்), சிலவற்றில் ஒன்றே ஒன்று. இன்னும் சிலவற்றில் ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

மாடல் பெயரை நம்பியும் ஏமாறலாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 என்ற ஒரே பெயரில் வந்த சற்றுப் பெரிய பெட்டியில் நான்கு ஸ்லாட், 64 ஜிபி வரை. கையடக்க மைக்ரோவில் இரண்டு ஸ்லாட், 32 ஜிபி. ஆப்பிளின் மேக் மினி இன்னும் வேடிக்கை. 2012 மாடலில் அடிமூடியைத் திருகிக் கழற்றி 16 ஜிபி வரை நாமே போடலாம். 2014இல் பற்றவைத்தார்கள். 2018இல் ஸ்லாட் திரும்பி வந்தது, 64 வரை ஏற்றது. 2020இல் எம்1 சிப்போடு மறுபடி கதவைச் சாத்தினார்கள். அதிகபட்சம் 16, அதையும் வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய அலுவலக மினி வாங்குவோர் கவனிக்க: 4ஆம் தலைமுறை ஐ5 சிப்புக்கு அதைத் தயாரிக்கும் இன்டெல் 32 ஜிபி என்று குறிப்பிடுவது நான்கு ஸ்லாட் கணக்கு. ஒரு ஸ்டிக்குக்கு (ரேம் பலகைக்கு) 8 ஜிபிதான் அந்தச் சிப் ஏற்கும். இரண்டு ஸ்லாட் மினியில் 16ஐத் தாண்டாது. 16 ஜிபி டிடிஆர்3 (அந்தக் காலத்து ரேம் வகை) ஸ்டிக்கைத் தேடிப்பிடித்துச் செருகினாலும் திரையில் எதுவும் வராது, காசுதான் போகும். இன்டெல்லின் என்100 சிப் உள்ள புதிய பெட்டிகளில் அந்நிறுவனம் சொல்லும் எல்லை 16 ஜிபி. 32 போட்டு ஓடுவதும் உண்டு. ஓடாவிட்டால் யாரையும் கேட்க முடியாது.

கடையிலேயே பார்த்துவிடலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவதில் 'சோடிம்' என்றால் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பற்றவைத்தது. அப்போது மேல்வரி 'எட்டில் எட்டு' என்று காட்டினாலும் ஏமாற வேண்டாம், உள்ளே ஸ்லாட் ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம்.

8 ஜிபி ஸ்டிக் இரண்டா, 16 ஜிபி ஒன்றா என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டு போட்டால் டூயல் சேனல், அதாவது தரவு இரண்டு வழியில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மினியில் வீடியோ, விளையாட்டுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் 32 ஆக்க நினைத்தால் இரண்டையும் கழற்றி ஓரம் வைக்க வேண்டும். கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் மட்டும் என்றால் 16 ஒன்றை வாங்கி, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுவதே நல்லது. டிடிஆர்5 ரேம் மாற்றிய பிறகு முதல் முறை சில நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கும். பயந்து பவரைப் பிடுங்காதீர்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: 'ஸ்லாட் 2, காலி 1, டிடிஆர்4, அதிகபட்சம் 32 ஜிபி.' விளம்பரம் வாங்கும்போது தங்கள் நாளிதழும் இந்த வரியைக் கேட்டு வாங்கலாம்.

– கணினிப் பழுதுநீக்குநர்கள் சிலர், மதுரை