கல்லான பிறகும் ஒரு கதை இருக்கிறது: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வினாத்தாள் அமைக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

கணவன் கோதம முனிவனின் சாபத்தால் கல்லாகி ராமனால் மீட்கப்பட்ட ராமாயண அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ சிறுகதையைப் பாடமாக வைக்கும்போது, உருமாற்றம் என்ற பொருளில் நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் கல் பெண்ணான இடத்தோடு நின்றுவிடுகிறது. மாணவரும் கம்பரிலிருந்து ‘கால்வண்ணம் இங்குக் கண்டேன்’ என்ற அடியை எழுதி, மறுவாசிப்பு என்ற சொல்லையும் சேர்த்து, முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார். கதையோ ராமனின் பாதத்தூளி பட்டு அகலிகை உயிர்பெற்ற பிறகுதான் சூடுபிடிக்கிறது.

வான்மீகியின் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பர் அவளைக் கல்லாக்கி, மீட்டு, முனிவனிடம் சேர்த்து மங்கலமாக முடிக்கிறார். புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டது இதற்கு அடுத்த நாளை. சாபம் தீர்ந்தவள் தண்ணீருக்குப் போகிறாள். எதிரே வரும் ரிஷிபத்தினிகள் அவளை இன்னாரென்று அடையாளம் சொல்லி விலகிப் போகிறார்கள். உடல் திரும்பிவிட்டது, ஊரின் பார்வை திரும்பவில்லை. பிறர் சொல்லும் சாதாரணச் சொல்லிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அவள் அஞ்சி அஞ்சி வாழும் அந்தப் பகுதியை வகுப்பில் நிதானமாக வாசிக்காமல், இக்கதையில் மாற்றம் எது என்று மாணவரிடம் கேட்பதில் பயனில்லை. கோதமனும் மாறியிருக்கிறான், புற்றுக்குள்ளிருந்து வெளிவந்தவன் சபித்த பழைய முனிவன் அல்லன், தன் தர்மத்தையே ஐயுறத் தொடங்கியவன். அவனைப் பற்றி ஒரு வினாகூடக் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

வனவாசம் முடிந்து வரும் சீதை தீக்குளித்ததை அகலிகையிடம் சொல்லும் காட்சிதான் கதையின் மையம். தன்னை மீட்டவனே அப்படிக் கேட்டானா என்று அகலிகை பதறுகிறாள். ராமனும் சீதையும் விடைபெறும்போது அகலிகை வெளியே வரவில்லை. ராமனின் காலில் படிந்த தூசி அவனையே சுடுகிறது. முன்பு கல்லுக்கு உயிர் கொடுத்த அதே காலின் தூசியை ஆசிரியர் ஒற்றை வாக்கியத்தில் திருப்பிப் போட்டுவிடுகிறார். இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லும் ஒரு வினா, பத்துப் பக்கக் கோட்பாட்டுக் குறிப்பைவிட மாணவரைப் பிரதிக்குள் அழைத்துச் செல்லும் என்பது என் துணிபு.

அகலிகை இறுதியில் மறுபடியும் கல்லாவது எவர் இட்ட சாபத்தாலும் அன்று. அது தோல்வியா, மறுப்பா, மனச்சுமையிலிருந்து கிடைத்த விடுதலையா என்பதில் வாசகர் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே விடைக்குறிப்பில் ஒரே முடிவை அச்சிட்டுத் தராமல், கதையிலிருந்து சான்று காட்டும் எந்த வாதத்திற்கும் மதிப்பெண் தரலாம் என்று திருத்துவோருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டுகிறேன். கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு முழுக் கதையையே பாடநூலில் சேர்க்கவும் வேண்டுகிறேன். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய சிறுகதைக்குச் சுருக்கம் எதற்கு?

இப்படிக்கு,
தமிழிலக்கியம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்