பரிசை அரை மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை பிறக்கப் போகிறது. காணும் பொங்கலன்று திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கம் ரேக்ளா வண்டிப் பந்தயம் நடக்கும். அதைத் தொட்டு மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழாக்களை ஒட்டி டெல்டா முழுக்க வண்டிகள் ஓடும். நோட்டீஸில் மாடுகளுக்குக் கீழே குதிரைகளுக்கும் இடம் இருக்கும். பெரிய குதிரை, நடுக்குதிரை, கரிச்சான் என்னும் சின்னக் குதிரை, போய்வர இத்தனை மைல், முதல் பரிசு இவ்வளவு. அந்த நோட்டீஸில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்: "எல்லைக்கோட்டைத் தொட்ட அரை மணி நேரத்தில் குதிரையின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்காவிட்டால் பரிசு இல்லை."

பந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வண்டிப் பந்தயம் இல்லாவிட்டால் டெல்டா கிராமங்களில் குதிரை கட்டி வளர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிடுவார்கள். ஆனால் ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்கும் உரிமை குதிரைக்கு இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாடு களைத்தால் நின்றுவிடும், சில நேரம் நுகத்தடியோடு படுத்தும்விடும். குதிரை கூட்டத்தோடு ஓடித் தப்பிப் பிழைத்த இனம். பக்கத்தில் இன்னொரு குதிரை ஓடும்வரை, பின்னால் சத்தம் கேட்கும்வரை, உடம்பு கொதித்தாலும் கால் நிற்காது. அது ஓடுகிறதே என்பதை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்வது தப்பு. நிறுத்த வேண்டிய பொறுப்பு முழுக்கச் சாரதியுடையது, சொந்தக்காரருடையது, விழாக் குழுவுடையது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஜல்லிக்கட்டுத் திருத்தச் சட்டம் காளைகளுக்கானது. அதையொட்டி வந்த விதிகளின்படி மருத்துவர் பார்க்காமல் காளை வாடிவாசலுக்கு வர முடியாது. அந்தச் சட்டத்தில் குதிரை இல்லை. கிண்டிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அது திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. சூதாட்டமா திறமையா என்பதைச் சுற்றியே அந்த வழக்கு நடந்தது. குதிரையின் காலும் மூச்சும் அதில் விவாதப் பொருளாகவே இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் மட்டும் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும். அதன் கீழ் 1965இல் வந்த இழுவை விலங்கு விதிகள், 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை விலங்கை வண்டியில் பூட்டக் கூடாது என்கின்றன. முள் வைத்த கடிவாளமும் குத்துக்கோலும் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. சித்திரையில் மாடுகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு குதிரைகளை வரிசையில் நிறுத்தும் ஊர்கள், தங்கள் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

ரேஸ் கிளப் பந்தயத்தில் குதிரை ஓடுவது ஆயிரம் மீட்டரிலிருந்து அதிகம் போனால் மூவாயிரம் மீட்டர், அதுவும் புல்தரையில். நம் ஊரில் போய்வர எட்டு மைல் என்றால் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர், தார்ச்சாலையில், பின்னால் வண்டியோடு, வண்டியில் ஆளோடு. கிளப்பிலும் குறைகள் ஏராளம். இரண்டு வயதுக் குதிரைகளை ஓட விடுகிறார்கள். ஓடி ஓய்ந்தவற்றை யார் தலையிலாவது கட்டிவிடுகிறார்கள். ஆனாலும் அங்கே மருத்துவர் நிற்கிறார், ஊக்கமருந்துச் சோதனை நடக்கிறது. இங்கே எல்லைக்கோட்டில் மைக் செட்டும் மாலையும்தான் நிற்கின்றன.

ஓட்டம் முடிந்ததும் குதிரைக்கு ஆபத்து முடிந்துவிடுவதில்லை, அடுத்து வரும் முதல் முப்பது நிமிடங்களும் ஆபத்தானவை. தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியாகிறது. அந்த வெப்பத்தைக் குதிரை பெரும்பாலும் வியர்வையால்தான் தள்ள வேண்டும். பெரிய குதிரை கடும் ஓட்டத்தில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வியர்க்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் கடலோரக் காற்றில் அது காய்வதில்லை, வழிந்து தரையில் போகிறது. குதிரைக்காரர்களுக்கு உலகெங்கும் ஒரு எளிய கணக்கு உண்டு. வெயிலைப் பாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் ஓட்டவே கூடாது. தை மாதத்தில் 29 டிகிரி செல்சியஸ் என்றால் 84 பாரன்ஹீட். ஈரப்பதம் 80 இருந்தால் கூட்டுத்தொகை 164. பனிக்காலம்தானே என்று நாம் நினைக்கும் நாளிலேயே கவன எல்லையைத் தாண்டிவிடுகிறோம். வைகாசியில் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குள் குதிரைகள் ஓடி முடிய வேண்டும். மாடுகள் பிறகு ஓடட்டும்.

நாடி பார்ப்பது கடினமில்லை. குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில், கன்னத்துக்குச் சற்று முன்னால் விரல் வைத்துத் தடவினால் சணல் கயிறு மாதிரி ஒன்று உருளும். அதுதான் நாடி. கட்டைவிரலை வைக்காதீர்கள், உங்கள் துடிப்பே உங்களை ஏமாற்றும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போதும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைக்கலாம். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். நல்ல பழக்கத்தில் உள்ள குதிரைக்கு அரை மணிக்குள் 64-க்குக் கீழே, அதாவது 15 விநாடிக்கு 16 துடிப்புக்குக் கீழே இறங்கிவிடும். இறங்காத குதிரைக்கு வலியோ, நீரிழப்போ, கொதிப்போ இருக்கிறது என்று பொருள். நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளில் இந்த 64 பழகிய எல்லை. முதலில் வந்தாலும் நாடி இறங்காவிட்டால் தகுதியிழப்புதான். வெடிச் சத்தத்திலும் கூட்டத்திலும் மிரண்ட குதிரைக்கு நாடி ஏறியே இருக்கும். அதனால் எல்லைக்கோட்டிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, மரநிழலில் பார்க்க வேண்டும்.

ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியும் வேண்டும். அதன் முனையில் நூல் கட்டி வாலில் கிளிப் போட்டுவிட்டால் உள்ளே போய்விடும் என்ற பயம் இல்லை. 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஓடிவந்த குதிரைக்கு 40 தாண்டியிருந்தால் வேறு வேலை எதுவும் செய்யாமல் குளிர்விக்க வேண்டும். 41 என்றால் உயிராபத்து. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்குள் படிய வேண்டும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும்.

இங்கேதான் பழைய நம்பிக்கைகள் குதிரையைக் கொல்கின்றன. சூடான குதிரைமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையில்லை. கழுத்து, மார்பு, வயிறு, தொடையின் உள்பக்கம் என்று விடாமல் ஊற்ற வேண்டும். இரண்டு ஆள், ஆளுக்கு ஒரு வாளி, ஒரு குதிரைக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று. ஐஸ் கட்டி போட்ட தண்ணீரானாலும் பாதகமில்லை. உடம்பில் நிற்கும் தண்ணீரை வழித்து நேரத்தை வீணாக்காமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி விடுவது தப்பு, ஐந்து நிமிடத்தில் அந்தச் சாக்கே சூட்டை அடைத்து வைக்கும். மேல்மூச்சு வாங்கும்போது தண்ணீர் காட்டக் கூடாது என்பதும் தப்பு. ஒரேயடியாகக் குடிக்க விடாமல் மூன்று நான்கு லிட்டராகச் சில நிமிட இடைவெளியில் கொடுக்கலாம். குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தாகம் அடங்கிவிடும், உடம்பு காய்ந்தே கிடக்கும். பத்து லிட்டருக்கு 90 கிராம் கல்லுப்பு கரைத்த வாளி ஒன்று, வெறும் தண்ணீர் வாளி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீரைத் தொடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். குழாயும் புட்டியும் வைத்து வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடலாம். கொள்ளும் தவிடும் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து. முதலில் புல்தான்.

பின்தொடை கல்லாக இறுகி, நடக்க மறுத்து, மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கினால் தசை உடைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பிடிப்பு விடட்டும் என்று நடக்க வைப்பார்கள், அது நிலைமையை இன்னும் கெடுக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்தி, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐக் கூப்பிடுங்கள். விலாப்பகுதி நாடியோடு சேர்ந்து விக்கல் மாதிரி துடித்தாலும் அப்படியே.

ஓடுவதற்கு முன் இரண்டு சோதனை அவசியம். முதலாவது வயது. கீழ்த்தாடை முன்பற்கள் ஆறில், நடு இரண்டும் இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அடுத்த இரண்டு மூன்றரையில், ஓரத்து இரண்டு நாலரையில். பால்பல் சின்னதாக, வெள்ளையாக, அடியில் கழுத்துச் சிறுத்து இருக்கும். ஓரத்தில் பால்பல் இருந்தால் அந்தக் குதிரைக்கு நாலரை ஆகவில்லை. அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்துவந்த இரண்டரை வயதுக் குட்டியைத் தையில் வண்டியில் பூட்டினால், முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பின் வளர்ச்சித்தட்டு அப்போதுதான் கெட்டிப்பட்டிருக்கும். முதுகெலும்பு முதிர ஐந்தாறு வயதாகும். நிலைப்பல் எல்லாம் முளைத்து வாய் நிறைந்த குதிரை மட்டுமே ஓடட்டும்.

இரண்டாவது நொண்டல். கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக் கெட்டித் தரையில் நேராகப் பெருநடையில் ஓடவிடுங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். வலி மறைக்கும் ஊசி போட்டு ஓட்டினால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். நோகாத காலை எலும்பு உடையும்வரை மிதிக்கும். ஊசி போட்ட குதிரையை ஓட்டுபவரைப் பந்தயத்திலிருந்தே விலக்கி வைக்க வேண்டும். இதில் தயவு காட்ட முடியாது. லாடம் ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறதா, ஆணி தலைதூக்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். லாட ஆணிக் குத்தில் ரணஜன்னி வரும். விலங்குகளிலேயே குதிரைக்குத்தான் அது மிகச் சுலபமாகத் தொற்றும். தடுப்பூசிச் சீட்டில்லாத குதிரைக்கு நுழைவு வேண்டாம்.

பைக்குகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியை ஒட்டி வரும் ஒவ்வொரு பைக்கும் ஒரு சாட்டை. திருப்பத்தில் குதிரைகள் சறுக்கி விழுவதற்கு அவையும் காரணம். காவல்துறை இரண்டு முனையிலும் சாலையை அடைத்தாலே போதும். பந்தயக் குதிரைக்குக் காற்றடைத்த மெத்தைச் சாட்டை, அதுவும் மூன்று முறைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று காட்சி விலங்குகளுக்கான மத்திய விதிகளிலேயே இருக்கிறது. நம் சாலையில் அந்த எண்ணிக்கை முதல் பர்லாங்கிலேயே முடிந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பந்தல் செலவில் ஒரு மூலை. ஸ்டெதஸ்கோப் இரண்டு, வெப்பமானி நான்கு, டிரம்கள், ஊராட்சித் தண்ணீர் வண்டி ஒன்று, ஐஸ், உப்பு. ஒரு கால்நடை மருத்துவரும், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நாலு பேரும் நாடி எண்ணப் போதும். மாவட்ட நிர்வாகம் அனுமதிக் கடிதத்தில் இதை நிபந்தனையாகப் போடலாம். போடாவிட்டாலும் விழாக் குழு தானே செய்யலாம், நோட்டீஸ் அச்சடிக்கும் முன் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று. வண்டி எண்ணையும் சாரதி பெயரையும் சொல்லும் அதே மைக்கில், அரை மணி கழித்து, "முதல் வண்டி, நாடி 56, பரிசு உறுதி" என்று அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
கால்நடைப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.