கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை உருவாக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய கலைஞர்களுக்கும் படக்குழுவினருக்கும் வணக்கம்.

2011 ஏப்ரலில் தொடங்கிய, ஒரு கற்பனை உலகின் அரியணைப் போட்டியைச் சொல்லும் உங்கள் தொலைக்காட்சித் தொடர், எட்டு சீசன்கள், 73 அத்தியாயங்கள் என வளர்ந்து 2019 மே 19 அன்று நிறைவுற்றது. அந்த முடிவு எனக்கு முழு மனநிறைவைத் தரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அரியணையை மீட்க டிராகன்களோடு வந்த டெனேரிஸ் அழிவின் பக்கம் திரும்பியதைப் பற்றி எனக்குக் குறையில்லை. மீரீன் நகரத்து எசமானர்களைச் சிலுவையில் அறைந்தபோதும், டார்லி குடும்பத்துத் தந்தையையும் மகனையும் டிராகனின் தீக்கு இரையாக்கியபோதும், அவளுக்குள் இருந்த கடுமையை நீங்கள் காட்டிக்கொண்டேதான் வந்தீர்கள். ஆனால், முதல் ஆறு சீசன்களுக்கும் தலா பத்து அத்தியாயங்கள் இருக்க, கடைசி இரண்டுக்கும் சேர்த்தே 13தான் என்றானதால், சரணடைவதை அறிவிக்கும் மணி ஒலித்த பிறகும் ஒரு நகரத்தையே எரிக்கும் அளவுக்கு அவள் மனம் திரிந்த விதத்தை, அவளோடு கூடவே சென்று உணர எங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஸ்டார்க் குடும்பத்து இளைஞன் பிரான் இறுதியில் அரசனானதும் அப்படித்தான். ஐந்தாவது சீசன் முழுவதும் தலைகாட்டாத ஒருவனின் கதைதான் எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் என்று டெனேரிஸின் ஆலோசகனாக இருந்த டிரியன் வாதிட்டபோது, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இறுதி சீசனை மீண்டும் எடுக்கக் கோரி ரசிகர்கள் பெருந்திரளாக ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நான் கையெழுத்திடவில்லை. அந்த ஆறு அத்தியாயங்களிலும் எனக்குக் கிடைத்தவற்றை இழக்க நான் தயாராக இல்லை.

அவற்றில் முதன்மையானது, பிரையன் காக்மன் எழுதிய இரண்டாம் அத்தியாயம். இறந்தவர்களின் படையோடு மோதவிருக்கும் இரவில், விடிவதற்குள் எல்லோரும் இறந்துவிடக்கூடும் என்ற நிலையில் கணப்பைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருக்க, மண்டியிட்ட வீராங்கனை பிரியெனின் தோள்களை வீரன் ஜெய்மி வாளால் தொட்டு, 'நைட்' என்னும் வீரப்பட்டத்தை அவளுக்கு அளிக்கிறான். அவளை விரும்பும் டார்மண்ட் எழுந்து கைதட்டுகிறான். அத்தனை ஆண்டுகளாக இறுகியே இருந்த அந்த முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவுவதைப் பார்த்து நான் அழுதேன். பின்னர் கடைசி அத்தியாயத்தில், ஜெய்மியின் பெயருக்குக் கீழே அவன் செய்தவற்றையெல்லாம், அரச மெய்க்காவலர்களின் செயல்களைப் பதியும் வெள்ளை ஏட்டில் அவளே எழுதி முடிக்கிறாள். தன்னை விட்டுச் சென்றவனைப் பற்றி ஒரு கசப்பான சொல்கூட அதில் இல்லை. பிரியெனாக நடித்த க்வென்டலின் கிறிஸ்டி அவர்களே, இந்த இரு காட்சிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி.

டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க் அவர்களே, தொடரின் தொடக்க ஆண்டுகளிலேயே மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, உயிருக்குப் போராடி மீண்டு வந்தும் நடித்ததை 2019இல் நீங்கள் எழுதிய பிறகே அறிந்தோம். கதையின் போக்கு குறித்த என் மனத்தாங்கலில் ஒரு துளியும் உங்களைச் சேராது. வசனமே இல்லாமல், டிராகன் மீதமர்ந்து மணியோசையைக் கேட்கும் அந்த முகத்தில், எழுத்து சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதியை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

ஆடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன் அவர்களுக்கும் அவருடைய குழுவினருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். வடபுலத்தின் அரசியாக முடிசூடும் பிரானின் அக்கா சான்சாவின் உடையில், அந்நிலத்தவர் புனிதமாகக் கருதும் வியர்வுட் மர இலைகளை இழைத்திருந்தீர்கள். சில நொடிகளே திரையில் தெரியும் உடைக்கு அத்தனை பாடுபட்டதால்தான், அவள் வந்த வழி முழுவதும் அந்தச் சில நொடிகளிலேயே எங்களுக்கு விளங்கியது. தொடரின் கற்பனை மொழிகளான டோத்ராக்கி, வலேரியன் ஆகியவற்றை இலக்கணத்தோடு கட்டமைத்த டேவிட் பீட்டர்சன் அவர்களுக்கும், ஆறாம் சீசனின் இறுதியில் அதுவரை தொடரில் ஒலித்திராத பியானோவைக் கொண்டுவந்து எங்களைப் பதறவைத்த இசையமைப்பாளர் ரமீன் ஜவாதி அவர்களுக்கும் என் வணக்கங்கள்.

இறந்தவர்களின் படையோடு நடக்கும் வின்டர்ஃபெல் போர்க் காட்சிகளுக்காக 55 இரவுகள் வட அயர்லாந்தின் குளிரில் நின்றவர்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. தச்சர்கள், குதிரைகளைப் பழக்கியவர்கள், ஒப்பனைக் கலைஞர்கள், விளக்கு பிடித்தவர்கள், சண்டைக் கலைஞர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும்தான் முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அடுத்து எந்தத் தொடரில் பணியாற்றினாலும், இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலைக் கடைசிப் பெயர்வரை படித்துவிட்டே எழுவேன்.

நன்றியுடன்,
உங்கள் ரசிகை