அழுகிய உடலில் ‘காயம் இல்லை’ என்று அவசரப்பட்டுச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் அருகே பாலாற்றங்கரைப் புதரில் அழுகிய நிலையில் ஆண் சடலம் கிடந்த செய்தியில், ‘உடலில் காயங்கள் எதுவும் இல்லை’ என்று போலீசார் கூறியதாகப் படித்தேன். பிரேதப் பரிசோதனை முடியும் முன்பே இப்படிச் சொல்வது தவறு. நம்ம ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளிலேயே உடல் ஊதி, கறுத்து, தோல் உரிந்துவிடும். அதில் அடிபட்டுக் கன்றிய இடம் எது, அழுகலால் வந்த நிறம் எது என்று வெறும் கண்ணால் பிரிப்பது அனுபவமுள்ள டாக்டருக்கே கஷ்டம்.

பிணவறை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈக்கள் பெரும்பாலும் முதலில் கண், மூக்கு, வாயில்தான் முட்டையிடும்; வேறு இடத்தில் புழு மொய்த்தால் அங்கே காயம் இருக்கலாம். ஒருமுறை வந்த உடலில் உள்ளங்கையில் புழு அப்பிக் கிடந்தது, டாக்டர் கழுவச் சொன்னார், பார்த்தால் கத்தியைத் தடுத்துப் பிடித்த வெட்டு, எலும்பு வரைக்கும். சதை போனாலும் எலும்பில் பதிந்த வெட்டும் முறிவும் நிற்கும். எனவே அழுகிய சடலம் ஒவ்வொன்றுக்கும் அறுப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கழுத்தை நெரித்தால் உடையக்கூடிய நாவடி எலும்பைத் தனியே பார்க்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிடாமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவர்களிடம் அனுப்ப மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். அறிக்கை வரும்வரை, விசாரணை நடக்கிறது என்று மட்டும் போலீசார் சொல்லட்டும்.

- வாசகர், காட்பாடி