தண்ணீர் நேரத்தை எனக்குத் தந்தவர்களுக்கு

தாராவி, மும்பை
22 ஜனவரி 2023

எங்கள் சந்தின் மக்களுக்கும், சிவாஜி பார்க் ஓட்டக் குழுவினருக்கும், வழியெங்கும் நின்று கைகொடுத்த முகம் தெரியாத அன்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, தைப்பொங்கல் அன்று, மும்பை மாரத்தானில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி, 5 மணி 41 நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டேன். பதக்கத்தைச் சாமி படத்தின் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்தப் பதக்கத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்று நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் நா தழுதழுத்துப் பேச்சு நின்றுவிட்டது. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் விடியற்காலை ஐந்து மணிக்கு வரும், ஏழு மணிக்கெல்லாம் நின்றுவிடும். அதற்குள் இரண்டு நீல டிரம்மும் ஏழு குடமும் நிரம்பாத வீட்டில் அன்றைக்குச் சமையல், குளியல், துணி துவைப்பு எல்லாமே தடுமாறும். மும்பையில் நெடுந்தூர ஓட்டம் பழகுகிறவர்களுக்கு உகந்த நேரமும் அதே இரண்டு மணி நேரம்தான்; ஏழு மணிக்குப் பிறகு வெயிலும் புழுக்கமும் வண்டிப் புகையும் சேர்ந்து மூச்சை வாங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் பயிற்சியாளர் 20 வாரத்துக்கான அட்டவணையைக் கையில் கொடுத்தபோது, வாரத்துக்கு நான்கு விடியல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 80 விடியல். என் கணவர் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வீடு வரும்போது எட்டு மணியாகிவிடும், அத்தைக்கோ குடம் தூக்க முடியாது. அட்டவணையை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அன்றிரவு படுத்தேன்.

காலையில் குழாயடியில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எதிர் வீட்டு மதினி தன் குடத்தை நகர்த்தாமலே, "நீ ஓடுத அன்னைக்கு ஒங் கொடத்த நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வா" என்றார். பக்கத்து வீட்டுச் சித்தி புதன்கிழமையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் வீட்டு ஆச்சி, தனக்குத் தூக்கத்தான் வலுவில்லை, வரிசையில் குடம் வைத்து இடம் பிடித்துத் தருவதற்கு வலு உண்டு என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன அந்தப் பேச்சுதான் என் மாரத்தானின் தொடக்கக் கோடு. ஓடப் போன விடியல்களில் ஒரு நாள்கூட நான் திரும்பி வந்து காலிக் குடத்தைப் பார்க்கவில்லை. மழை கொட்டிய செப்டம்பர் நாட்களில், டிரம்மின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, காற்றில் பறக்காமல் செங்கல்லும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மதினி, சித்தி, ஆச்சி மூவருக்கும் நன்றி என்று எழுதும்போது அந்தச் சொல் போதாமல் நிற்பதை உணர்கிறேன். இருந்தும் முதல் நன்றி உங்களுக்கே.

டாக்சி ஓட்டும் என் கொழுந்தனார், விடியுமுன் ஒரு பெண் தனியாகப் போகும் பாதையா இது என்று ஒரு வார்த்தை பேசாமல், நாலரை மணிக்குச் சந்து முனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். சிவாஜி பார்க்கில் நான் குழுவோடு சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே சவாரிக்குக் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கிருந்து வொர்லி கடற்கரை, ஹாஜி அலி, பெட்டர் ரோடு, மரீன் டிரைவ் வழியாக நரிமன் பாயின்ட் வரை போய்த் திரும்புவோம். அது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அந்த நாட்களில் அவர் வழியில் எங்காவது வண்டியை நிறுத்தி, உப்பும் எலுமிச்சையும் கலந்த நீர் நிறைந்த புட்டியை ஜன்னல் வழியாக நீட்டுவார். பெருக்கெடுத்து வியர்க்கும் இந்த ஊர்க் காற்றில், நெடுநேரம் ஓடுகிறவர் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றிக் கீழே விழ நேரிடும் என்பதைப் பயிற்சியாளர் அவரிடமும் சொல்லி வைத்திருந்தார். என் உடம்பைப் பற்றிய கணக்கை என்னைவிடக் கொழுந்தனாரே கவனமாக வைத்திருந்தார்.

பயிற்சியாளர் சாருக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. முதல் மாதம் நான் ஒவ்வொரு நாளும் மூச்சுத் திணறத் திணற ஓடி, அதையே முன்னேற்றம் என்று நம்பியிருந்தேன். அவர் என் பக்கத்தில் ஓடிவந்து, வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்தும் பாட்டை இப்போது பாடிக்காட்டச் சொன்னார். இரண்டு வரிக்கு மேல் பாட முடியவில்லை. பாட முடிகிற வேகம்தான் உங்கள் வேகம் டீச்சர், மற்றதெல்லாம் கடன் வாங்கிய வேகம், முப்பதாவது கிலோமீட்டரில் வட்டியோடு திருப்பிக் கேட்கும் என்றார். அக்டோபரில் என் வலக்கால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனபோது, காலணியைக் கழற்றச் சொல்லி, நுனியில் தன் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நெடுந்தூரம் ஓடும்போது பாதம் வீங்கும், அதற்கு இடம் விட்டுக் காலணி வாங்க வேண்டும் என்பதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அரை அளவு பெரிய காலணி போட்ட பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

நவம்பரில் முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்கியது. படி இறங்கும்போது கத்தியால் கீறுவது போலிருக்கும். நான் பார்த்த மருத்துவர் ஒருவர், நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இது தேவையில்லாத ஆசை, நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று அழுதுகொண்டேதான் வீடு வந்தேன். குழுவில் எங்களோடு ஓடும் இயன்முறை மருத்துவர் தம்பிதான் என்னை ஒரு காலில் நிற்க வைத்துப் பார்த்தார். குற்றம் முழங்காலில் இல்லை, வலுவிழந்த இடுப்புத் தசைகளால் தொடையின் வெளிப்பக்கப் பட்டை இழுபட்டு முழங்காலில் உரசுகிறது என்று விளக்கினார். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொன்னார். 12 நாள் ஓட்டமே கூடாது என்றார். அந்த 12 நாளும் என் மகள் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாயில் படுத்திருந்த எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொன்னாள். பதின்மூன்றாம் நாள் தம்பியே என்னோடு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓடினார். ஒரு காசு வாங்கவில்லை. அவருக்கும், நோயாளிகளின் நடுவே இரவெல்லாம் விழித்த பிறகும் என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்ட, நான் மராத்தியில் 'தாயி' என்று அழைக்கும் செவிலியர் அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

அத்தையின் கேழ்வரகுக் கூழையும், நனைந்த காலணிகளுக்குள் பழைய தமிழ் நாளிதழைச் சுருட்டித் திணித்து ஓரிரவில் உலர்த்தித் தந்த அவருடைய கைகளையும் மறக்க மாட்டேன். உடன்குடியிலிருந்து கருப்பட்டி அனுப்பிய என் பெரியம்மாவுக்கும் நன்றி. பள்ளியில், திங்கட்கிழமை முதல் பாடவேளையைத் தாமாகவே ஏற்று நடத்திய சக ஆசிரியைக்கும், 42.195 என்ற எண்ணை வைத்துத் தசமப் பாடம் நடத்தியபோது அதைத் தங்கள் வெற்றியாகவே எடுத்துக்கொண்டு சுவரில் நான் ஓடிய கிலோமீட்டர்களைக் கோடு கோடாக வரைந்துவந்த என் வகுப்புக் குழந்தைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி, ஓட்ட நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 முதல் நடந்துவரும் இந்த மாரத்தான், கொரோனாவால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடக்காமல் நின்றிருந்ததால், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன் இருட்டில் கூடியிருந்த கூட்டத்தில் ஒரு திருவிழாவின் பரபரப்பு தெரிந்தது. எனக்கோ ஒரு குறை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தைப்பொங்கலுக்கும் நான் பானை வைக்காமல் இருந்ததில்லை. தொண்ணூறடிச் சாலையில் எங்கள் பெண்கள் எல்லோரும் வரிசையாக அடுப்பு மூட்டும் நேரத்தில் நான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கப் போகிறேன் என்ற நினைப்பு முதல் பத்துக் கிலோமீட்டர் வரை கூடவே வந்தது.

பாந்த்ரா-வொர்லி கடற்பாலத்தில் ஏறியபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் மற்ற நாட்களில் ஒருவரும் கால் வைக்க முடியாது. வண்டிகளுக்கு மட்டுமே உரியது. இடப்பக்கம் திறந்த கடல், வலப்பக்கம் மாகிம் வளைகுடா. பாலத்தின் நடுவே போகும்போது வளைகுடாவுக்கு அப்பால், கட்டடங்களுக்கு மேலே, சூரியன் சிவப்பாக எழுந்தது. அந்தத் திசையில்தான் தாராவி இருக்கிறது. எங்கள் பெண்கள் முகம் திருப்பிக் கும்பிடும் அதே சூரியனை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று தோன்றியதும், ஓட்டத்தை நிறுத்தாமலே இரண்டு கைகளையும் குவித்தேன். பக்கத்தில் ஓடிய ஒரு மராத்திப் பெரியவரும் என்னைப் பார்த்துவிட்டுத் தாமும் கும்பிட்டார். அவர் யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி.

பாந்த்ராவில் திரும்பி மாகிமுக்குள் நுழைந்தபோது, பொங்கல் வேலையையெல்லாம் போட்டுவிட்டு மதினியும் கொழுந்தனாரும் என் மாணவர்கள் பதினோரு பேரும் சாலையோரம் நின்றிருந்தார்கள். குழந்தைகள் அட்டையில் தமிழில் "டீச்சர், இன்னும் 17 கிலோமீட்டர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். கழித்தல் கணக்குச் சரியாகவே இருந்தது. மதினி, சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டித் துண்டை என் வாயிலேயே போட்டார். அவர் விரலில் பச்சரிசியின் ஈரமும் மஞ்சள் வாசனையும் இருந்தன. சற்று நேரத்தில் எங்களுக்குப் பின்னே தொடங்கிய முன்னணி வீரர்கள் காற்றுப் போல எங்களைத் தாண்டிப் போனார்கள். அன்று எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி 2 மணி 7 நிமிடம் 32 விநாடியில் ஓடி இந்த மாரத்தானின் சாதனையையே முறியடித்தார் என்பதை மறுநாள் நாளிதழில்தான் படித்தேன்.

சார் சொன்ன வட்டிக் கணக்கு முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் வந்தது. தசைகளில் சேமித்த சர்க்கரை தீரும் கட்டம் அது; கால் மரக்கட்டையாகி, கண் முன்னே பாதை மட்டும் நீண்டுகொண்டே போனது. அந்த நிலையில்தான் பெட்டர் ரோட்டின் ஏற்றம் இரண்டாவது முறையாக எதிரே நின்றது. அங்கே வீடுகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் சாலையின் இருபக்கமும் தட்டுகளில் வெள்ளரித் துண்டும் பிஸ்கட்டும் ஆரஞ்சுச் சுளையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு குஜராத்தி மூதாட்டி என் கையைப் பிடித்து நான்கு சுளைகளை வைத்தார். ஒவ்வொன்றிலும் தோலைக் கீறி விதையை எடுத்திருந்தார். எத்தனை நூறு சுளைகளுக்கு அப்படிச் செய்தாரோ! ஓடுகிறவரின் தொண்டையில் விதை சிக்கக் கூடாது என்று எண்ணிய அந்த மனத்துக்கு நன்றி சொல்ல அன்று என்னிடம் மூச்சு இல்லை. தாயி என் தோளைத் தொட்டு, "எண்ணாதே, நட" என்றார். ஏற்றத்தை இருவரும் நடந்தே கடந்தோம். அதை எனக்குக் குறையாக அவர் ஒருபோதும் பேசியதில்லை.

மரீன் டிரைவின் வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதை எப்படிக் கடந்தேன் என்பது எனக்கே நினைவில்லை. தண்ணீர்ப் புட்டிகளை நீட்டிய கல்லூரிப் பிள்ளைகளும், கடைசி ஓட்டக்காரர் போகும்வரை சந்திப்புகளில் நின்ற காவலர்களும், எங்களுக்குப் பின்னே குனிந்து குனிந்து புட்டி பொறுக்கிய மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களும் மட்டும் நினைவில் இருக்கிறார்கள். அந்தப் பணியாளர்களில் எங்கள் தாராவிக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினார்.

வீடு திரும்பும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. சாலையில் அடுப்புகள் எல்லாம் ஆறி, கோலங்கள் மிதிபட்டுக் கிடந்தன. ஒரே ஒரு அடுப்பின் மேல், மஞ்சள் கொத்துக் கட்டிய பானை தண்ணீரும் பாலுமாக நெருப்பில்லாமல் காத்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் ஆச்சி. நல்ல நேரம் போய்விட்டதே ஆச்சி என்றேன். "நீ வார நேரந்தான் நல்ல நேரம், தீயப் பத்த வையி" என்றார். குனிய முடியாத என் முதுகைச் சித்தி தாங்கிக்கொள்ள, நான் தீ மூட்டினேன். பால் பொங்கியபோது சந்து முழுவதும் ஓடி வந்து குலவையிட்டது.

சித்தியின் மூத்த மகள் அடுத்த காவலர் தேர்வுக்காக 800 மீட்டர் ஓட்டம் பழக வேண்டும் என்று நேற்று என்னிடம் கேட்டாள். நாளை திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கொழுந்தனாரின் வண்டியில் அவள் சிவாஜி பார்க்குக்குப் போகிறாள். அவள் வீட்டுக் குடங்களை நான் நிரப்பி வைப்பேன். சித்தி நிம்மதியாகத் தூங்கட்டும்.

நன்றியுடன்,
உங்கள் சந்து டீச்சர்